மூணு தரம் சொல்லணுமுங்க

போன ஞாயித்துக்கிழமை மேஜை டிராயரை ஒழிச்சுட்டு இருந்தப்ப ஒரு பழைய எல்சிடி கெடைச்சுது. ரெண்டு வரி, வரிக்குப் பதினாறு எழுத்து. உசுரு இருக்குதான்னு பார்க்க அஞ்சு வோல்ட் குடுத்தேன். மேல் வரி பூரா கருப்புக் கட்டம், கீழ் வரி காலி. உசுரு இருக்குது! ஆனா அந்தக் கட்டத்தைப் பார்த்ததும் 2012ல நடந்த ஒண்ணு ஞாபகம் வந்துருச்சு. கொஞ்சம் டெக்னிக்கலா போகும் மக்களே, பொறுத்துக்குங்க.

2012ல கோயமுத்தூர்ப் பக்கம் இருந்தவங்களுக்கு கரண்ட் கட் பத்தி நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரு மணி நேரம் இருந்தா அடுத்த ஒரு மணி நேரம் இருக்காது. பெரியம்மா பையன் ஒருத்தர், எனக்கு அண்ணன், சோமனூர்ப் பக்கம் தறிக்குடோன் வெச்சிருந்தார். கூலிக்கு காடா துணி ஓட்டறது. பகல் ஷிப்ட் ஒரு அக்கா, ராத்திரி ஷிப்ட் வேற ஒருத்தர், ரெண்டு பேருக்கும் அதே நாலு தறி. கூலி மீட்டர் கணக்கு. ஷிப்ட் மாறும்போது துணி ஓரத்துல சாக்பீஸ்ல ஒரு கோடு போட்டு வெச்சுருவாங்க. பின்னாடி அளக்கறப்ப கோட்டுக்கு இந்தப் பக்கம் அவங்களுது, அந்தப் பக்கம் இவரோடது. ஒரு குறையும் இல்லாம நடந்துட்டிருந்த ஏற்பாடு. அதுல போயி நான் மூக்கை நுழைச்சேன்.

துணி சுத்துற உருளையில ஒரு காந்தம், பக்கத்துல ஒரு ரீட் சுவிட்ச், ஒரு 89எஸ்52, இந்த எல்சிடி. காந்திபுரத்துல பார்ட்ஸ் வாங்கி நாலு தறிக்கு நாலு பொட்டி. ஷிப்டுக்கு எத்தனை மீட்டர்னு அதுவே காட்டும். கரண்ட் போனா கணக்கு போயிரக் கூடாதுன்னு மைக்ரோகன்ட்ரோலருக்கு மட்டும் நாலு பென்சில் பேட்டரி. எல்சிடிக்கு பேட்டரி குடுக்கலை, லைட்டு எல்லாத்தையும் குடிச்சுரும். கரண்ட் வந்ததும் எல்சிடியை மறுபடி எழுப்பி விடற மாதிரி புரோகிராம். வீட்டுல நூறு தடவை பிளக்கைப் புடுங்கிச் சொருகிப் பார்த்தேன். நூறும் பாஸ் :-) "இனிமே சாக்பீஸ் வேண்டாமுங்க்கா"ன்னு பெருமையா சொல்லிட்டு வந்தேன்.

ரெண்டு வாரம் கழிச்சு அண்ணன் போன். "ஏன்டா, உம்பட பொட்டி ரெண்டு கட்டங்கட்டமா காட்டுது. ஆஃப் பண்ணி ஆன் பண்ணுனேன், சைபர்ல இருந்து ஓடுது."

நான் வெச்ச சுவிட்ச் பேட்டரியையும் சேர்த்து கட் பண்ணும். அதாவது, உள்ள கணக்கு பத்திரமா இருந்துருக்கு. மைக்ரோகன்ட்ரோலர் ஒரு மீட்டர் விடாம எண்ணிட்டுத்தான் இருந்துருக்கு. காட்டற இடம் மட்டும்தான் கெட்டுப் போச்சு. அதைச் சரி பண்றேன்னு கணக்கையே அழிச்சாச்சு.

மொத்தத் துணி எவ்வளவுன்னு அளந்தரலாம். யாரு எவ்வளவு ஓட்டுனாங்கங்கறதுதான் போச்சு. கோடு இல்லையே, நான்தான் வேண்டாம்னுட்டேனே. அண்ணன் அந்த ரெண்டு தறிக்கும் ஆளுக்குப் பாதின்னு பிரிச்சுட்டார். அன்னிக்கு ராத்திரி ஷிப்ட்லதான் கரண்ட் அதிகம் போயிருக்கு, அக்காவுக்குத்தான் நட்டம். நான் போனப்ப அவங்க சத்தம் எல்லாம் போடலை. "எம்பட மீட்டர் எங்கீங்க தம்பி போச்சு?"ன்னு மட்டும் கேட்டாங்க.

பொட்டியை வீட்டுக்குத் தூக்கிட்டு வந்து டேட்டாஷீட்டை எடுத்தேன். இந்த எல்சிடிகளுக்குள்ள இருக்கறது ஹிட்டாச்சியோட எச்டி44780, இல்லைன்னா அதைப் பார்த்துச் செஞ்ச சாம்சங் கேஎஸ்0066 மாதிரி ஏதாவது ஒண்ணு. சிப்பைப் பார்க்க முடியாது, போர்டுக்குப் பின்னாடி கருப்புப் பொட்டு மாதிரி மூடியிருக்கும். கரண்ட் வந்தா அது தன்னைத்தானே ரீசெட் பண்ணிக்கும். ஒத்தை வரி, எட்டு ஒயர்ல டேட்டா, டிஸ்ப்ளே ஆஃப்னு வந்து நிக்கும். மேல் வரியில மட்டும் கட்டம் தெரியறது அந்த ஒத்தை வரியாலதான். ஆனா அதுக்கு ஒரு கண்டிஷன். சப்ளை 0.2 வோல்ட்ல இருந்து 4.5 வோல்டுக்கு 0.1 மில்லிசெகண்டுக்குக் குறையாம, 10 மில்லிசெகண்டுக்கு மேல போகாம ஏறணும். நடுவுல விட்டுட்டு வந்தா குறைஞ்சது 1 மில்லிசெகண்டாவது முழுசா போயிருக்கணும். இல்லைன்னா ரீசெட்டை நம்பாதேன்னு அவனே எழுதி வெச்சிருக்கான்.

என் வீட்டுல கரண்ட் சுத்தமா ஏறும். குடோன்ல? கரண்ட் வந்த அந்த நொடியில, நிறுத்தாம விட்ட அத்தனை தறி மோட்டாரும் ஒண்ணா இழுக்கும். பக்கத்துக் குடோனும் அதே லைன். வோல்டேஜ் எந்திரிச்சு, விழுந்து, தவழ்ந்து ஏறும். சிப்புக்கு விடிஞ்சுதா இல்லையான்னே தெரிஞ்சிருக்காது.

இதுக்கு மருந்தும் அதே டேட்டாஷீட்ல இருக்கு. 4.5 வோல்ட் வந்து 15 மில்லிசெகண்டுக்கு மேல பொறுத்து, '0011'னு ஒரு தரம். 4.1 மில்லிசெகண்டுக்கு மேல விட்டு ரெண்டாம் தரம். 100 மைக்ரோசெகண்டுக்கு மேல விட்டு மூணாம் தரம். ஏலத்துல சொல்ற மாதிரி. நான் இதை முன்னாடியே படிச்சவன்தான். "ஒரு தரம் சொன்னா போதாதா, ஜப்பான்காரன் பயந்தாங்கொள்ளி"ன்னு ரெண்டு வரியை அழிச்சு வெச்சிருந்தேன்.

ஏன் மூணுன்னு அன்னிக்கு ராத்திரிதான் பேப்பர்ல போட்டுப் பார்த்தேன். ஒயரை மிச்சம் பண்ண நாம நாலு ஒயர்ல ஓட்டறோம், ஒவ்வொரு பைட்டையும் ரெண்டா ஒடைச்சு அனுப்பறோம். அரைகுறையா எந்திரிச்ச சிப்பு எட்டு ஒயர்ல கேட்டுட்டு இருக்கலாம். நாலு ஒயர்ல புது வார்த்தைக்குக் காத்துட்டு இருக்கலாம். இல்லைன்னா பாதி வார்த்தையை வாங்கி வெச்சுட்டு மீதிக்குக் காத்துட்டு இருக்கலாம். இதுதான் வில்லங்கம். நாம சொல்ற முதல் தரம் அந்தப் பழைய பாதியோட ஒட்டி ஏதோ ஒரு உளறலா முடியும். அந்த உளறல் நேரம் எடுக்கற கட்டளையா இருக்கலாம், அதுக்குத்தான் அவ்வளவு நேரம் விடறது. அப்புறம் ரெண்டாவதும் மூணாவதும் சேர்ந்து "எட்டு ஒயருக்கு வா"ன்னு முழு ஆர்டரா போய்ச் சேரும். மத்த ரெண்டு நிலையிலயும் அதுக்கு முன்னாடியே வந்துரும். அது எங்க நிக்குதுன்னு நமக்குத் தெரியாது, "பிஸியா?"ன்னு கேட்கவும் முடியாது. மூணு தரம் சொன்னா எங்க இருந்தாலும் வந்தாகணும். அப்புறமா நாலு ஒயருக்குக் கூட்டிட்டுப் போகலாம்.

அழிச்ச ரெண்டு வரியைத் திருப்பிப் போட்டேன். சுவிட்ச்சையும் பிரிச்சேன்: வெளிய இருக்கறது எல்சிடிக்கு மட்டும், பேட்டரிக்கு உள்ள தனியா. குடோனுக்குக் கொண்டு போய் மாட்டிட்டு, அக்கா சொன்ன கணக்குப்படி காசைக் குடுத்தேன். வேண்டாம்பாங்கன்னு நெனைச்சேன். எண்ணிப் பார்த்து இடுப்புச் சுருக்குப் பையில போட்டுகிட்டாங்க.

அதுக்கப்புறம் கட்டம் வரலை. அடுத்த மாசம் போனப்ப துணி ஓரத்துல பார்த்தேன், சாக்பீஸ் கோடு இருந்துச்சு. "பொட்டி சரியாத்தானுங்க தம்பி காட்டுது. கோடும் ஒரு பக்கம் கெடக்கட்டும்"னாங்க. தறியெல்லாம் அண்ணன் 2019ல எடைக்குப் போட்டுட்டார். பொட்டியில மூணு எங்க போச்சோ தெரியலை, டிராயர்ல கெடைச்சது நாலாவதோட எல்சிடி. லேசா பஞ்சு இன்னும் ஒட்டிட்டு இருக்குது.