இனிப்புப் பெட்டிக்குள் பெரணி

"கதவச் சாத்திட்டு வாங்க, காத்து வந்தா எல்லாம் பறந்துரும்" என்றார் அக்கா. குன்னூரில் தேயிலைச் சரிவை ஒட்டிய ஓட்டு வீடு அது. பின்கட்டில் நிழல்வலை கட்டிப் பெரணி வளர்க்கிறார். கூட இரண்டு பெண்கள் வேலைக்கு வருகிறார்கள். பறந்துவிடும் என்று அவர் பயந்தது, செய்தித்தாளில் மூக்குப்பொடி போலக் கிடந்த பழுப்புத் தூளுக்காக. பெரணிக்குப் பூவும் இல்லை, விதையும் இல்லை. அந்த வித்துத்தூள்தான் எல்லாம்.

எந்த இலையை எப்போது கிள்ளுவது என்பதில்தான் கைப்பக்குவம் இருக்கிறது. இலையின் அடிப்புறத்தைத் திருப்பி, லென்ஸ் வைத்துக் காட்டினார். மெய்டன்ஹேர் என்ற பெரணி வகையில் ஓரம் மடிந்து வித்துப்பைகளை மூடியிருக்கிறது. பேர்ட்ஸ் நெஸ்ட் வகையில் அவை சீப்பால் இழுத்த கோடுகளாக ஓடுகின்றன. பச்சையாக இருந்தால் பிஞ்சு. பை கிழிந்து துருவேறினாற்போல் இருந்தால் தூள் கொட்டிப்போயிருக்கும். இரண்டுக்கும் நடுவில் கிள்ளி, தாளில் மடித்து, காற்றுப் படாமல் வைத்தால் மறுநாள் தூள் இறங்கியிருக்கும். தாளைச் சற்றே சாய்த்து மெல்லத் தட்டினார். சருகு உருண்டு விழ, தூள் தாளோடு ஒட்டி நின்றது.

இனிப்புக் கடையில் தரும் மூடி போட்ட பிளாஸ்டிக் பெட்டிதான் நாற்றங்கால். தேங்காய் நார்த்தூளும் இலைமக்கும் மணலும் கலந்து நிரப்பி, கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்றுகிறார்கள். இல்லாவிட்டால் பூஞ்சையும் பாசியும் முந்திக்கொள்ளும். ஆறியதும் தூளைத் தூவி மூடி, வெயில் நேராகப் படாத சன்னலோரம் வைக்கிறார்கள்.

மூடிய பெட்டிக்குள் பெரணி வளர்ப்பது புதிதல்ல. 1829இல் லண்டன் மருத்துவர் நத்தானியேல் வார்ட், ஒரு விட்டில்பூச்சியின் கூட்டுப்புழுவை ஈரமண்ணோடு கண்ணாடிப் புட்டியில் அடைத்து வைத்தார். புட்டிக்குள் பெரணி முளைத்தது. நிலக்கரிப் புகையில் வாடிச் சாகும் அவருடைய தோட்டத்துப் பெரணிகள் அடைத்த கண்ணாடிக்குள் தழைக்கும் என்பது அப்படித்தான் அவருக்குத் தெரிந்தது. கப்பலில் செடி அனுப்பும் கண்ணாடிப் பெட்டிகள் அதிலிருந்து வந்தவை.

அக்காவின் பெட்டியில் சில வாரங்களில் மண்மேல் பச்சை படரும். புதிதாக வேலைக்கு வந்த பெண் ஒருமுறை அதைப் பாசி என்று நினைத்துச் சுரண்டிப் போட்டுவிட்டாராம். உற்றுப் பார்த்தால் விரல்நகத்தைவிடச் சிறிய, இதய வடிவத் தகடுகள். ஆண், பெண் உறுப்புகள் அவற்றின் அடியில் இருக்கின்றன. ஆணணு நீந்திப் போகத் தண்ணீர் வேண்டும். அதனால் காய்ச்சி ஆறவைத்த நீரைப் புகையாகத் தெளிக்கிறார்கள். இந்தக் கட்டத்தில் ஈரம் காய்ந்தால் தகடு தகடாகவே நின்றுவிடும், செடி வராது. வந்த பிறகு ஈர்க்குச்சியால் கொத்தாக நெம்பி எடுத்து நடுவது, பெட்டியைத் தினம் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து வெளிக்காற்றுக்குப் பழக்குவது என்று வேலை நீளுகிறது. விற்கிற அளவுக்கு வர ஓராண்டு ஆகிவிடும்.

பாஸ்டன் ஃபெர்ன் என்ற வகைக்கு இந்தப் பாடெல்லாம் இல்லை. அதன் தூள் பெரும்பாலும் மலடு. ஆனால் தாய்ச்செடி விடும் மெல்லிய கொடிகள் மண்ணைத் தொட்ட இடத்தில் குட்டி போடுகின்றன. வேர்விட்டதும் வெட்டி நட்டால் போதும்.

சோலைக்காட்டில் பிடுங்கிய பெரணியைச் சாக்கில் கட்டிக்கொண்டு வந்து விலை பேசுபவர்களும் உண்டு. அக்கா வாங்குவதில்லை. அது சட்டத்துக்குப் பயந்து மட்டும் இல்லை. "வேரறுந்து வந்தது பாதி செத்துரும். ஒரு இலை இருந்தா நான் நூறு செடி பண்ணிருவேன், எதுக்குப் பிடுங்கணும்?"

ஆனால் நர்சரிகள் தொட்டியின் அளவைப் பார்த்துத்தான் விலை சொல்கின்றன. ஓராண்டு காத்த மெய்டன்ஹேருக்கும், கொடியில் வெட்டிய பாஸ்டனுக்கும் ஒரே பணம். "இதுக்கு ஒரு வருசம் ஆச்சுன்னு சொன்னா, சின்னதாத்தானே இருக்குங்கறாங்க." அதனால் சன்னலோரம் பெட்டிகள் ஏழெட்டுதான். நிழல்வலைக்குக் கீழே இருப்பதெல்லாம் பாஸ்டன்.