சுவரில் ஒரு ஜடாயு!

ஹாஸ்டல் ரூம் சுவர்ல போஸ்டரா ஒட்டி போரடிச்சுப் போச்சா? ஒரு ஜடாயு தலையை மாட்டிப் பாருங்களேன். என்ன, அதை வாங்க அஸ்ஸாம் வரைக்கும் போகணும் பாஸ்!

ஜோர்ஹாட் பக்கத்துல நிமாத்தி படகுத்துறை. பைக், கார், மூட்டை முடிச்சு எல்லாத்தையும் ஏத்திக்கிட்டு பிரம்மபுத்திராவில் ஃபெர்ரி கிளம்பும். இறங்கினா மாஜுலி தீவு. 2016-ல் தனி மாவட்டமாவே ஆயிடுச்சு. 'சத்ரா'னு சொல்ற வைணவ மடங்கள் இங்கே நிறைய. அதுல 1663-ல் தொடங்கின சாமகுரி சத்ராவுக்கு முகமூடிதான் அடையாளம்.

உள்ளே நுழைஞ்சா சுவர் முழுக்கத் தலைகள்! நீள மூக்கு ஜடாயு, பிடரி சிலிர்க்கும் நரசிம்மர், வராகம், அனுமன்... 'காகிதக் கூழா?'ன்னு கேட்பீங்க. இல்லை, மூங்கிலும் துணியும்! நம்ம லேப் பாஷையில் சொன்னா, பக்கா காம்போசிட் மெட்டீரியல். மூங்கிலைத் தண்ணியில ஊறவெச்சுப் பிளந்து, அறுகோணக் கண்ணிகளாப் பின்னித் தலையா வளைக்கிறாங்க. குயவர் களிமண்ணில் நனைச்ச பருத்தித் துணியை அது மேல ஒட்டுறாங்க. காய்ஞ்சதும் களிமண்ணோட மாட்டுச் சாணம் கலந்து கண், மூக்கு, புருவம் எல்லாம் எழுப்பி, மூங்கில் கத்தியால் வழவழப்பாக்கிட்டு, கடைசியா பெயின்ட்.

இதெல்லாம் முதல்ல சுவருக்காகப் பிறந்ததில்லை. சங்கரதேவர் வழியில் வந்த 'பாவனா' நாடகத்துல நடிகர்கள் மாட்டிக்கிட்டு ஆட வேண்டியது. 2023-ல் பத்மஸ்ரீ வாங்கின ஹேம் சந்திர கோஸ்வாமி, தாடையும் கண்ணும் அசையுற முகமூடிகளை உருவாக்கினார். 2024-ல் மாஜுலி முகமூடிக்குப் புவிசார் குறியீடும் கிடைச்சது.

டூரிஸ்ட்களுக்காகச் சின்ன சைஸ்ல செய்யுற தலைகளும் இருக்கு. 'கலையை ஷோகேஸ் பொம்மை ஆக்கிட்டாங்களே!'ன்னு சிலர் சலிச்சுக்கலாம். ஆனா, நாடகம் வருஷம் முழுக்க நடக்காது. வயிறு வருஷம் முழுக்கப் பசிக்குமே! வாங்குங்க, தப்பே இல்லை.

உண்மையான பயம் வேற. பிரம்மபுத்திரா கரையை அரிச்சுக்கிட்டே இருக்கு. 19-ம் நூற்றாண்டின் கடைசியில் ஆயிரம் சதுர கிலோமீட்டருக்கு மேல் இருந்த தீவு, இப்போ அதுல பாதிகூட இல்லை. நிலம் போனா சத்ராவும் இடம் மாறணும், கலைஞனும் ஊர் மாறணும்.

அதனால, கார்த்திகை பௌர்ணமியை ஒட்டி வர்ற ராஸ் திருவிழாவுக்குக் கிளம்புங்க. சுவர்ல தொங்குற ஜடாயு அழகுதான். ராவணனோட மல்லுக்கு நிக்குற ஜடாயு இன்னும் அழகு. ஆனா, அது ஆடுறதுக்கு அந்த மண் இருக்கணுமே!