ஞாயிற்றுக்கிழமை அப்பா

விவாகரத்துத் தீர்ப்பில் எல்லாவற்றையும் எழுதிவிடுவார்கள். நகை யாருக்கு, வீட்டு லோனை யார் கட்டுவது, ஸ்கூல் ஃபீஸில் யாருக்கு எவ்வளவு, பசங்களை எந்தக் கிழமை எத்தனை மணிக்குப் பார்ப்பது... பெரும்பாலும் விட்டுப்போவது ஒன்றுதான். இரண்டு பேரில் ஒருவர் ஊரை விட்டுக் கிளம்பினால் என்ன செய்வது? சண்டை முடிந்தால் போதும் என்று கையெழுத்துப் போடுகிற அன்று அதை யாரும் யோசிப்பதில்லை.

கோயம்புத்தூரில் ஒரு பம்ப்செட் கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பார்க்கும் ஒருவருக்கு, இந்தக் கேள்வி நாலு வருஷம் கழித்து வந்தது. பரஸ்பர சம்மதத்தில் வாங்கிய விவாகரத்து. மகளுக்கு 11 வயது, மகனுக்கு 7. இரண்டு பேரும் அம்மாவிடம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் காலை 9 மணியிலிருந்து இரவு 7 மணி வரை அப்பாவிடம். மருதமலை படிக்கட்டு, பாட்டி கையால் மதியச் சாப்பாடு, சாயங்காலம் ரோட்டோரக் கடையில் காளான். நாலு வருஷமாக அவருடைய வாரம் ஞாயிற்றுக்கிழமையில்தான் ஆரம்பிக்கும், அதிலேயே முடியும்.

ஒரு வியாழக்கிழமை ராத்திரி வாட்ஸப்பில் மெசேஜ் வந்தது. "புனேல டீம் லீட் போஸ்ட் கிடைச்சிருக்கு. ஜூன்ல பசங்களையும் கூட்டிட்டுப் போறேன். லீவுக்கு நீங்க வந்து பாத்துக்கலாம்."

'போகட்டுமா' இல்லை, 'போறேன்'. அந்த ஒரு வார்த்தைதான் அவரைச் சுட்டது. பதில் டைப் பண்ணினார், அழித்தார், மறுபடி டைப் பண்ணினார், அழித்தார். கடைசியில் எதையும் அனுப்பாமல் படுத்துவிட்டார். இந்த விஷயத்தில் அவர் செய்த முதல் நல்ல காரியம் அதுதான். கோபத்தில் அனுப்புகிற மெசேஜ், நாளைக்கு கோர்ட்டில் பிரிண்ட் போட்டு வைக்கப்படுகிற மெசேஜ்.

மறுநாளே ஆலோசனை குவிய ஆரம்பித்தது. "ஸ்டே வாங்குங்க மாமா" என்றான் மச்சான். ஸ்கூலில் போய் டி.சி. தரக்கூடாது என்று எழுதிக் கொடுக்கச் சொன்னார் ஆபீஸ் நண்பர். மாசாமாசம் போகிற பணத்தை நிறுத்தினால் தானாக வழிக்கு வருவாள் என்றார் இன்னொருவர். அம்மாவோ, "பையனையாவது நம்மகிட்ட வெச்சுக்க கண்ணு" என்றார். அக்காவையும் தம்பியையும் பிரித்துப் பங்கு போடுகிற யோசனை. பாசத்தில் சொன்னதுதான், ஆனால் அதைவிட மோசமான யோசனை அந்த வாரத்தில் வேறு வரவில்லை.

வக்கீலம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு ஒரு வேலை கொடுத்தார். "ஒரு பேப்பர்ல ஏழு கட்டம் போடுங்க. திங்கள்ல இருந்து ஞாயிறு வரைக்கும் உங்க பசங்களோட நாள் எப்படிப் போகுதுன்னு எழுதிட்டு வாங்க." ஞாயிறு கட்டம் நிரம்பி வழிந்தது. திங்கள், டியூஷன். புதன், கராத்தே என்று நினைவு. மற்ற நாலு கட்டமும் காலி. "நீதிபதி இதைத்தான் கேப்பாங்க. நீங்க நல்லவரா கெட்டவரான்னு கேக்க மாட்டாங்க" என்றார் அந்த அம்மா.

சட்டம் சொல்வதும் ஏறக்குறைய அதுதான். 1956ஆம் வருஷத்து இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டத்தின் 13வது பிரிவுப்படி, குழந்தையின் நலனே முதன்மையானது. அப்பா உரிமை, அம்மா உரிமை எல்லாம் அதற்குப் பின்னால்தான். சென்னையிலிருந்து உச்ச நீதிமன்றம் வரை போன ஒரு வழக்கில், குழந்தைகள் பெற்றோரின் உடைமையும் அல்ல, விளையாட்டுப் பொம்மையும் அல்ல என்று 1973லேயே சொல்லிவிட்டார்கள். குழந்தை யாரிடம் இருப்பது என்ற உத்தரவு கல்வெட்டு கிடையாது, சூழ்நிலை மாறினால் அதையும் மாற்றலாம் என்பதும் அந்தத் தீர்ப்பில் உண்டு.

2010ல் இன்னொரு வழக்கு. விவாகரத்தான அம்மாவுக்கு ஆஸ்திரேலியாவில் வேலை. மகனைக் கூட்டிப் போகக் கூடாது என்று அப்பா உச்ச நீதிமன்றம் வரை போனார். நீதிபதிகள் அந்தப் பையனைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார்கள். அவன் அம்மாவோடு போக விரும்பினான். அந்த அம்மாவுக்கும் தன் வேலை, தன் வாழ்க்கை என்று ஒன்று உண்டு என்பதையும் நீதிமன்றம் கணக்கில் எடுத்துக்கொண்டது. அனுமதி கிடைத்தது. ஆக, 'நான் அப்பா, எனக்குப் பிடிக்கவில்லை' என்பது மட்டும் ஒரு காரணமாக நிற்காது.

அதற்காக, ஒரு மெசேஜ் போட்டுவிட்டுக் கிளம்பிவிடலாம் என்றும் இல்லை. ஞாயிறு சந்திப்பு தீர்ப்பில் எழுதப்பட்டது. அதை வாட்ஸப் மாற்றாது, நீதிமன்றம்தான் மாற்ற வேண்டும். நீதிமன்றம் நியமித்த காப்பாளர், அதன் அனுமதியில்லாமல் குழந்தையை அதன் எல்லைக்கு வெளியே கொண்டுபோகக் கூடாது என்று 1890ஆம் வருஷத்துச் சட்டத்தின் 26வது பிரிவே சொல்கிறது. அதே சட்டத்தின் 9வது பிரிவுப்படி, மனுவைக் குழந்தை வழக்கமாக வசிக்கும் ஊரின் நீதிமன்றத்தில்தான் போட வேண்டும். பசங்க புனேயில் வேர் பிடித்துவிட்டால் அப்புறம் வாய்தாவுக்கும் புனேதான். அதனால் பேசுவதென்றால் கிளம்புவதற்கு முன்னால் பேச வேண்டும். பணத்தை நிறுத்துவதைப் பற்றி வக்கீலம்மா ஒரே வரிதான் சொன்னார். "பசங்க சாப்பாட்டை வெச்சு சண்டை போட்டா உங்க கேஸ் அன்னிக்கே போச்சு."

அடுத்த ஞாயிறு. மகளிடம் 'யார்கிட்ட இருக்கப் போற' என்று கேட்கக் கூடாது என்று வக்கீல் எச்சரித்து அனுப்பியிருந்தார். அவர் கேட்கவில்லை. காளான் கடையில் நிற்கும்போது அவளே ஆரம்பித்தாள். "மராத்தி எழுத்து ஹிந்தி மாதிரியே இருக்குமாம்ப்பா."

"உனக்கு எப்பத் தெரியும் கண்ணு?"

"ஒரு மாசமாத் தெரியும். நீங்க ரெண்டு பேரும் மறுபடி சண்டை போடுவீங்கன்னுதான் சொல்லல."

நாலு ஞாயிறு அந்தக் குழந்தை அதை மனசில் வைத்துக்கொண்டு அவரோடு சிரித்துப் பேசிக்கொண்டிருந்திருக்கிறாள். ஸ்டே ஆர்டர் யோசனை அவரை விட்டுப் போனது அங்கேதான்.

அக்கவுண்ட்ஸ் ஆசாமி இல்லையா, அன்றைக்கு ராத்திரி கணக்குப் போட்டார். வருஷத்துக்கு 52 ஞாயிறு, ஒன்றுக்கு 10 மணி நேரம், மொத்தம் 520 மணி நேரம். கோடை விடுமுறையில் 30 நாள், தீபாவளிக்கு 10 நாள் முழுசாகத் தன்னோடு இருந்தால் 40 நாள், 960 மணி நேரம். பேப்பரில் பார்த்தால் லாபம்! ஆனால் பி.காம். படிக்கிறவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். தொழிலில் தானாகச் சேர்ந்த நற்பெயரை ஏட்டில் எழுதுவதில்லை. ஒரு கூட்டாளி விலகும்போதுதான் அதற்கு மதிப்புப் போட உட்காருவார்கள். அவசரம் என்றால் அரை மணி நேரத்தில் போய் நிற்கலாம் என்ற நிலைமை, ஆண்டு விழாவில் கடைசி வரிசையில் கிடைக்கும் ஒரு நாற்காலி, இதெல்லாம் அந்த 520க்குள் வராதவை. இப்போது ரயிலில் போனால் ஒரு பகலும் ஒரு ராத்திரியும் தாண்டும். 2016லிருந்து 5 வயதுக்கு மேற்பட்ட குழந்தைக்குத் தனி பெர்த் வேண்டுமென்றால் முழு டிக்கெட் எடுக்க வேண்டும். அந்தச் செலவையும் எழுதிக்கொண்டார்.

ஒன்பதாம் நாள் பதில் அனுப்பினார். "வாழ்த்துகள். இந்த ப்ரமோஷன் உனக்கு வர வேண்டியதுதான். பசங்க விஷயத்தைக் கிளம்பறதுக்கு முன்னாடி எழுதி கோர்ட்ல கொடுத்திடலாம்." கூடவே கேள்விகள். எந்த ஸ்கூல்? சாயங்காலம் நீ வரும் வரை வீட்டில் யார்? மகாராஷ்டிராவில் 2020ஆம் வருஷத்துச் சட்டப்படி பள்ளியில் மராத்தி கட்டாயம், அதற்கு ட்யூஷன் உண்டா? பயணச் செலவு யாருடையது? காய்ச்சல் என்றால் எனக்கு யார் போன் பண்ணுவது?

சண்டைக்குத் தயாராக இருந்தவருக்குச் சண்டை வராததில் கொஞ்சம் குழப்பம்தான். இரண்டு நாள் கழித்து நீளமாகவே பதில் வந்தது. முதல் வருஷம் அம்முச்சியும் கூட வருகிறார். அங்கே தீபாவளி விடுமுறை நீளம், ஆனால் பொங்கலுக்கு வர முடியாது. பொங்கல் போனதில் பாட்டிக்கு இன்னும் வருத்தம்.

வக்கீல்கள் உட்கார்ந்து கூட்டு மனு எழுதினார்கள். மே மாதம் 30 நாளும் தீபாவளி விடுமுறையில் 10 நாளும் அப்பாவிடம். இரண்டு மாசத்துக்கு ஒரு தடவை சனி, ஞாயிறு அவர் புனே போவார். பயணச் செலவு பாதிப்பாதி. புதனும் ஞாயிறும் இரவு 8 மணிக்கு வீடியோ கால். (ஊர் வேறானாலும் நாடு வேறானாலும் பெற்றவரோடு பேசிப் பழகுவது குழந்தையின் உரிமை என்று 2020ல் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது.) ரேங்க் கார்டு இரண்டு பேர் மெயிலுக்கும். அப்புறம், முதல் தீர்ப்பில் விட்டுப்போன அந்த வரி: இனி இருவரில் யார் ஊர் மாறினாலும் மூன்று மாசம் முன்னால் எழுத்தில் சொல்ல வேண்டும்.

இதில் அவர் ஜெயித்தார் என்று சொல்ல முடியாது. வீடியோ காலில் பையன் ரெண்டு நிமிஷத்தில் ஓடிவிடுகிறான். தோற்றார் என்றும் சொல்ல முடியாது. மே மாதம் முப்பது நாள் தூங்கி எழுந்த முகத்தோடு இரண்டு பேரையும் பார்க்கிறார். நாலு வருஷ ஞாயிற்றுக்கிழமைகளில் அது ஒரு நாள்கூடக் கிடைத்ததில்லை.

இப்படி ஒரு மெசேஜ் யாருக்கு வேண்டுமானாலும் வரலாம். 'விடமாட்டேன்' என்பது சுலபமான பதில். 'என்னவோ பண்ணிக்கோ' என்பது அதைவிடச் சுலபம். இரண்டிலும் பசங்க இல்லை. கொஞ்சம் பொறுத்து, காலிக் கட்டங்களை நிரப்பி, கேள்வியாகக் கேட்டு, எழுத்தில் வாங்குவதுதான் கஷ்டமான பதில். ஒரு 11 வயதுப் பெண் பெரியவர்களின் சண்டைக்குப் பயந்து இன்னொரு தடவை ஒரு மாசம் வாயை மூடிக்கொண்டு இருக்கக் கூடாது. இத்தனை பேப்பரும் அதற்குத்தான்.