எதிரில் ஒருவர் நின்றால் போதும்

மலேசியாவின் பினாங்கில் விமானத்திலிருந்து இறங்கி ஜார்ஜ் டவுனுக்கு விரைகிறவர்கள் பாயான் பாருவைக் கார் ஜன்னல் வழியாகத்தான் பார்க்கிறார்கள். இன்டெல் 1972-இல் ஆலை திறந்த பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையை ஒட்டி, பினாங்கு வளர்ச்சிக் கழகம் எழுப்பிய அடுக்குமாடி ஊர் இது. நண்பர் குடும்பம் இங்கே இருந்ததால் நானும் இங்கே தங்கினேன். அவர்கள் கட்டடத்தின் கீழே அன்று ஒரு மலாய்க் கல்யாணம். பந்தல் வண்டி நிறுத்துமிடத்தை முழுதாக அடைத்திருந்தது. பக்கத்து வீட்டு விருந்தாளி என்று என்னையும் கூப்பிட்டார்கள்.

சாப்பாடு முடிந்ததும் வாத்தியக்காரர்கள் உட்கார்ந்தார்கள். ஒரு வயலின், ஒரு அக்கார்டியன், இரண்டு ரெபானா, சட்டத்தில் தொங்கும் ஒரு கோங். ரெபானா என்பது குழிந்த மரச்சட்டத்தில் ஒரு பக்கம் மட்டும் தோல் கட்டிய பறை. வாசித்தவர் அதை மடியில் சாய்த்து, விரல் நுனியால் ஓரத்தையும் உள்ளங்கையால் நடுவையும் தட்டினார். மெதுவான பாட்டு ஒன்று முடிந்தது. அடுத்தது ஜோகெட். தாளம் இரண்டுக்கும் மூன்றுக்கும் தாவத் தாவ, நாற்காலிகள் தாமாகவே ஓரம் போயின.

கூட்டமே இறங்கி ஆடும் இதை ஜோகெட் லம்பாக் என்கிறார்கள். கல்லூரிப் பெண்கள், பேரனோடு தாத்தா, மாப்பிள்ளையின் ஆலைத் தோழர்கள் என்று எல்லாரும் ஆடினார்கள். எதிரெதிரே நின்று, நெருங்கி, விலகி, சுற்றி இடம் மாறுகிறார்கள். ஒருவரை ஒருவர் தொடுவதே இல்லை. பாஜு குரோங் அணிந்த, எழுபது வயது இருக்கும் ஒரு மக்சிக் (மலாயில் அத்தை) "ஜோம்!" (வா) என்று என்னை அழைத்து எதிரில் நின்றார். ஒரு சொல்லும் சொல்லித்தரவில்லை. அவர் வலக்காலை முன்வைத்தார், நானும் வைத்தேன். நான் பின்தங்கியபோது அவரும் வேகத்தைக் குறைத்தார். கோங் விழும் இடத்தில் பாதம் தானாக மண்ணைத் தேடியது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

அமெரிக்காவின் நியூ இங்கிலாந்துப் பக்கம் கான்ட்ரா என்றொரு ஊர்ப்பொது நடனம் உண்டு. அங்கும் வயலின்தான் உயிர், அங்கும் புதியவருக்கு இடம் உண்டு. ஆனால் ஆட்டத்துக்கு முன்பே பாடம் நடக்கும், ஆடும்போதும் ஒருவர் அடிகளைக் குரல் கொடுத்துச் சொல்வார். ஜோகெட்டில் எதிரில் நிற்பவர்தான் பாடம். தொடாமல் ஆடுவதால்தான் யாரும் யாருக்கும் எதிரே நிற்க முடிகிறது: பாட்டியும் பேரனும், முஸ்லிமும் நானும்.

1511-இல் மலாக்காவைப் பிடித்த போர்த்துகீசியரின் பிரான்யோ ஆட்டத்திலிருந்து ஜோகெட் கிளைத்தது என்பார்கள். பினாங்கில் அது மேடைக்கும் போனது. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்தியாவிலிருந்து வந்த பார்சி நாடகக் குழுக்களைப் பார்த்து இங்கே பிறந்த பங்சவான் நாடகமே அந்த மேடை. நம் கம்பெனி நாடகங்களும் அதே பார்சி மேடையிடம் கற்றவைதான். பிறகு கேளிக்கைப் பூங்காக்களின் காலம். சுவாத்தோ லேனில் இப்போது உணவு வளாகமாக இருக்கும் நியூ வேர்ல்டு அப்படி ஒரு பூங்கா. அந்தப் பூங்காக்களில் ஆண்கள் டிக்கெட் வாங்கி, மேடையில் காத்திருக்கும் ரொங்கேங் பெண்களோடு ஒரு பாட்டுக்கு ஆடுவார்கள். அந்தப் பெண்களை ஊர் இழிவாகப் பேசியது. சதிராடியவர்களை நாம் பேசியதும் அப்படித்தானே? பாட்டையும் அடியையும் காத்துத் தந்ததில் ரொங்கேங் பெண்களுக்குப் பெரிய பங்கு உண்டு. அவர்கள் பெயர் எந்தத் தெருவுக்கும் இல்லையே என்பது என் ஆதங்கம். 1929-இல் இதே பினாங்கில் பிறந்து, வயலினோடு வளர்ந்து, மலாய் சினிமாவையே ஆண்ட பி. ரம்லிக்குத் தெரு இருக்கிறது, வீடு நினைவில்லமாக நிற்கிறது. அது நியாயமே. அந்தப் பெண்களுக்கும் ஒன்று வேண்டும்.

அதற்குள் பந்தலில் வயலின் இன்னொரு ஜோகெட்டைத் தொடங்கிவிட்டது. நண்பரின் மனைவி, வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த மாமியார் முன்னால் போய் நின்றார்.

"அத்தை, எந்திரிங்க. மக்சிக் கூப்பிடுறாங்க."

"எனக்கு முட்டி வலி. நீ போ."

"நீங்க நின்னா போதும், அவங்க ஆடிக்குவாங்க."

மடித்த வெற்றிலையை வாயில் போட்டு, சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு அத்தை எழுந்தார். பாட்டு முடிந்த பிறகும் உட்காரவில்லை, இன்னொன்று வாசிக்கச் சொல்லி வயலின்காரரிடம் மலாயில் சத்தம் போட்டார்.