ஏழடுக்கும் நான்கடுக்கும்

கணினி வலையமைப்புப் பாடம் படிக்கும் எங்கள் மேனாம்பேட்டு இளைஞர்கள் ஒரு பட்டியலை மனப்பாடமாகச் சொல்வார்கள். பயன்பாடு, வழங்கல், அமர்வு, போக்குவரத்து, வலையமைப்பு, தரவு இணைப்பு, பௌதிகம். இதுவே ஓ.எஸ்.ஐ. எனப்படும் ஏழடுக்கு மாதிரி. “நடைமுறையில் ஓடுவது நான்கடுக்கு டி.சி.பி./ஐ.பி. தானே, ஃபாதர்! பின் ஏழை எதற்காகப் படிக்கிறோம்?” என்று அவர்களுள் ஒருவர் கேட்டார். குருமடத்தில் இறையியலைப் பகுதி பகுதியாகப் பயின்றபின் பங்குப் பணிக்கு வந்த எவர்க்கும் அக்கேள்வி அந்நியமன்று.

இரு மாதிரிகளுக்கும் அடிப்படை ஒன்றே. அனுப்பும் செய்தி ஒவ்வோர் அடுக்கிலும் ஓர் உறையினுள் இடப்பட்டுக் கீழிறங்குகிறது. பெறுமிடத்தில் உறைகள் ஒவ்வொன்றாய்ப் பிரிக்கப்பட்டு மேலேறுகிறது. ஓரடுக்கு தன் உறைமேல் உள்ளதை மட்டுமே படிக்கும், உள்ளிருப்பதில் தலையிடாது. ஏழடுக்கின் மேல் மூன்றை ஒன்றாகவும், கீழ் இரண்டை ஒன்றாகவும் இணைத்தால் கிடைப்பது நான்கடுக்கு.

பிறப்பில்தான் வேற்றுமை. ஏழடுக்கு, பன்னாட்டுத் தரநிர்ணய அமைப்பு ஆராய்ந்து 1984இல் வெளியிட்ட முழுமையான வரைவு. மற்றதோ, வின்டன் செர்ஃப், ராபர்ட் கான் ஆகியோரின் 1974ஆம் ஆண்டுக் கட்டுரையிலிருந்து வளர்ந்து, 1983இல் அமெரிக்காவின் ஆர்ப்பாநெட்டில் நடைமுறைக்கு வந்தது. நம் நாட்டில் 1986இல் தொடங்கிய எர்நெட் வலையமைப்பில் சென்னை ஐ.ஐ.டி.யும் பங்கேற்றது. அதன் முதன்மைத் தடத்தில் இருவகை நெறிமுறைகளும் சேர்ந்தே ஓடின. 1995 முதல் ஏறத்தாழ அனைத்தும் டி.சி.பி./ஐ.பி. வழியே செல்லலாயின.

ஆயினும் ஏழடுக்கு வீணாகவில்லை. பழுது கம்பியிலா, முகவரியிலா, மென்பொருளிலா என்று தேடும் பொறியாளர் இன்றும் அதன் சொற்களையே கையாளுகிறார். முழுமையான வரைவு சிந்திக்கக் கற்பிக்கிறது. செய்தியைக் கொண்டு சேர்ப்பது எளிய வழி.

திருச்சபையிலும் மறைமாவட்டம், மறைவட்டம், பங்கு, அன்பியம், குடும்பம் என அடுக்குகள் உண்டு. அவை தேவையே. எனினும், படுக்கையில் கிடந்த ஒரு மூதாட்டி நற்கருணைக்காகக் காத்திருக்கிறார் என்ற செய்தி, ஒருமுறை இவ்வடுக்குகள் எவற்றின் வழியாகவுமன்றி, அவர் வீட்டில் பால் ஊற்றும் பெண்மணி வாயிலாகவே என்னிடம் வந்தது. அப்பெண்மணி நம் சமயத்தவர் அல்லர்.

நான்கடுக்கில் ஐ.பி., பொதிகளை இயன்றவரை அனுப்பும். அவை சேருமென்று உறுதி கூறாது. சேர்ந்தனவா என அறிவது இருமுனைகளிலும் உள்ள டி.சி.பி.யின் பொறுப்பு. ‘பெற்றேன்’ என்ற மறுமொழி வராவிடில் அது மீண்டும் அனுப்பும். நாமோ பூசை முடிவில் அறிவிப்பை வாசித்ததும் கடமை நிறைவேறிற்று என எண்ணிவிடுகிறோம்.

அன்பியக் கூட்டங்களில் வருகைப் பதிவேடு தவறாமல் எழுதப்படுகிறது. அதில் பெயர் விடுபட்டவரின் வீட்டுக்கு அன்று மாலையே ஒருவர் சென்று வருவாராக.