பெயர்ந்த அடுக்களை

ஊர்தியிலே வாழ விரும்புவோர் அதனுள் அடுக்களை அமைப்பதற்கு மாதக்கணக்கில் திட்டமிடுவர். 1995 ஒக்டோபர் 30 அன்று வலிகாமத்தை நீங்கி, நாவற்குழிப் பாலத்தினூடாகத் தென்மராட்சிக்குப் பெயர்ந்த மக்களுக்கு வாய்த்தவையோ சில மணி நேரமும் ஒரு சைக்கிளின் கரியருமேயாம்.

எதனை எடுப்பது, எதனை விடுவது என்பதைப் பாரமே தீர்மானித்தது. அம்மி, ஆட்டுக்கல், உரல் ஆகியன வீட்டோடு நின்றன. சருவமும் கேத்தலும் அகப்பையும் அரிசிப் பையும் ஏறின. பனையோலையில் இழைத்த நீத்துப்பெட்டியும் சுளகும் பாரமற்றவையாதலின் வழித்துணைக்கு உகந்தன. பொருளாதாரத் தடையினால் மண்ணெண்ணெய் அரிதாயிருந்த காலம் அது. ஆதலின் அடுப்பைச் சுமப்பதிற் பயனில்லை. மூன்று கற்களும் காய்ந்த பனைமட்டையும் சென்றவிடத்திலே கிடைக்கும்.

கிணற்றை மட்டும் எவராலும் சுமக்க இயலவில்லை. தண்ணீருக்குத் தென்மராட்சியாரின் கிணற்றடியையே நாட வேண்டியிருந்தது. பெயரும் அடுக்களைக்கு முதல் வேண்டுவது அயலார் தரும் ஒரு வாளி நீரே எனலாம்.