பழைய லான்சரும் ஒரு செயின் பிளாக்கும்

திருவள்ளூர் என்றதும் வீரராகவர் கோயிலும் பூண்டி ஏரியும் ஞாபகத்துக்கு வரும். கார் பைத்தியங்களுக்கு இன்னொன்றும் வரும்: லான்சர். 1998-ல் இந்துஸ்தான் மோட்டார்ஸ், ஜப்பானின் மிட்சுபிஷியோடு சேர்ந்து திருவள்ளூர் தொழிற்சாலையில் இருந்து இறக்கிய கார். அம்பாசடர் செய்த அதே கம்பெனிதான்!

இப்போது அங்கே சிட்ரோயன் கார்கள் தயாராகின்றன. 2017-ல் பிரான்சின் பெஜோ குழுமம் சி.கே. பிர்லா குழுமத்தோடு கூட்டு சேர்ந்தது. அதே வருஷம் அம்பாசடர் என்ற பெயரையும் 80 கோடி ரூபாய்க்கு வாங்கிக்கொண்டது. (வெறும் பெயர் 80 கோடி. காமர்ஸ் மாணவர்கள் கவனிக்க.)

பெயருக்குத்தான் அந்த விலை. பழைய காருக்கு? வருமான வரிக் கணக்கில் காருக்குப் பொதுவாக வருஷம் 15 சதவீதம் தேய்மானம். ஒரு லட்ச ரூபாய் மதிப்பு 27 வருஷத்தில் சுமார் 1,240 ரூபாய் ஆகிவிடும். ஒரு செட் பிஸ்டன் ரிங் கூட வாங்க முடியாது. அடுத்த ஸ்டாப் பழைய இரும்புக் கடை. அங்கிருந்து இதே மாவட்டத்தின் வடக்கு மூலையில் இருக்கும் கும்மிடிப்பூண்டிக்குப் போகலாம். பழைய இரும்பை உருக்கிக் கட்டடக் கம்பி போடும் ஆலைகள் அங்கே நிறைய. திருவள்ளூரில் பிறந்த கார் மாவட்டம் தாண்டாமலே கம்பியாகிவிடலாம்.

இதைத் தடுக்கத்தான் சில பேர் வீட்டு ஷெட்டில் செயின் பிளாக் கட்டி இன்ஜினை இறக்குகிறார்கள்.

இறக்கும் முன்னால் ஒரு சோதனை உண்டு. நீலப்புகை வந்தால் இன்ஜின் ஆயில் குடிக்கிறது என்று அர்த்தம். கம்ப்ரஷன் குறைந்த சிலிண்டரில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி கேஜ் வைத்துப் பார்க்க வேண்டும். அளவு ஏறினால் கோளாறு ரிங்கிலோ சிலிண்டர் சுவரிலோ. ஏறவில்லை என்றால் வால்வு பக்கம் பார்க்கணும். இதைச் செய்யாமல் நேராக ஸ்பேனரை எடுப்பவர்கள்தான் அதிகம், பாவம்.

பிரிப்பது ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை. கஷ்டம் அடையாளம் வைப்பதில்தான். ஒன்றாம் நம்பர் கனெக்டிங் ராடின் கேப்பை மூன்றாம் நம்பருக்கு மாட்டக்கூடாது. ராடையும் கேப்பையும் ஜோடியாகச் சேர்த்துக் கடைந்திருப்பார்கள், மாறினால் துளை வட்டமாக இருக்காது. ஒவ்வொன்றுக்கும் தனி டப்பா, பேனாவில் நம்பர், போனில் போட்டோ.

எல்லாமே வீட்டில் முடியாது. சிலிண்டரைக் கடைய லேத் பட்டறைக்குப் போயே ஆகணும். லான்சரின் 1,468 சிசி பெட்ரோல் இன்ஜினில் சிலிண்டர் விட்டம் 75.5 மி.மீ. மேல்பக்கம், ரிங் திரும்புகிற இடத்தில்தான் தேய்மானம் அதிகம். தேய்ந்த சுவரைக் கொஞ்சம் கடைந்து பெரிதாக்கி, அதற்கேற்ற ஓவர்சைஸ் பிஸ்டன் போடுவதுதான் ரீபோரிங்.

இங்கேதான் வயிற்றைக் கலக்கும். 'முதல்ல பிஸ்டனை எடுத்துட்டு வாங்க தம்பி, அப்புறம் போர் போடலாம்' என்பார் நல்ல பட்டறைக்காரர். அவசரக்காரர் முதலில் கடைந்துவிடுவார். கடைந்த இரும்பைத் திரும்ப ஒட்ட முடியாது, பழைய பிஸ்டனும் சேராது. புது பிஸ்டன் கிடைக்காவிட்டால்? ஸ்லீவ் போட்டுக் காப்பாற்ற வழி உண்டு, செலவு தனி. அதுவும் கைகூடவில்லை என்றால் கும்மிடிப்பூண்டிதான். கார் பிறந்த ஊரிலேயே அதற்குப் பிஸ்டன் தேடி, ஜி.பி. ரோடு, புதுப்பேட்டை என்று அலைய வேண்டியிருப்பதுதான் கொடுமை.

சட்டமும் ஒரு கை பார்க்கிறது. 15 வருஷத்துக்குப் பிறகு ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்கணும். 600 ரூபாய் கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. 20 வருஷம் தாண்டிய காருக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ஆக்கிவிட்டார்கள். விண்டேஜ் என்று தனிப்பதிவு வாங்க 2021 விதிப்படி 50 வயசு ஆகணும். 1998 லான்சர் 2048 வரை காத்திருக்கணும்! அதுவரை அது கிழடு, ஆனால் புராதனம் இல்லை. புகையைக் குறைக்க நினைக்கிற அரசாங்கம், இன்ஜினை ஒழுங்காகப் புதுப்பித்தவருக்காவது கட்டணத்தைக் குறைத்தால் என்ன குறைந்துவிடும்?

பூட்டுவதில் இரண்டு விஷயத்துக்கு அவசரம் ஆகாது. சிலிண்டர் ஹெட் போல்ட்டுகளை நடுவிலிருந்து ஆரம்பித்து வெளிப்பக்கமாக, சுற்றுச் சுற்றாக, டார்க் ரென்ச் வைத்து முடுக்கணும். டைமிங் பெல்ட் குறிகள் நேராக நிற்கணும். 'கை அளவு தெரியும்' என்கிற மெக்கானிக்கை இந்த வேலைக்கு மட்டும் நம்பவே கூடாது.

பிறகு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, வெறும் ஸ்டார்ட்டரில் சுற்றி ஆயில் பிரஷர் ஏற்றணும். ஆயில் விளக்கு அணைந்த பிறகுதான் பிளக்கை மாட்டி நிஜமான ஸ்டார்ட். பூட்டும்போது பூசிய ஆயில் எரிவதால் முதலில் புகை கிளம்பும், பக்கத்து வீட்டு மாமி ஜன்னலைச் சாத்துவார். முதல் ஆயிலைச் சீக்கிரமே வடித்துவிடுவது நல்லது. அதில் பொடிப்பொடியாக இரும்பு மினுங்கும். முதல் ஆயிலில் அது சகஜம்தான்.